முழுச் செலவு உணர்த்தும் அறை

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் உண்டு. ஏப்ரல் கடைசியா, மே தொடக்கமா என்பது தெரியவில்லை. ஏரியில் பனிக்கட்டி உடைந்திருந்தது என்பது மட்டும் தெரியும். முறிந்த விலா எலும்பு இரண்டு என்று டெல்மர் க்வாம் சொல்வார். மூன்று என்று அவர் மனைவி ஆர்டிஸ் சொல்வார். டெல்மரின் உடம்பைப் பற்றி டெல்மரைவிட ஆர்டிஸுக்கு அதிகம் தெரியும் என்பதால் நான் மூன்று என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன். மான் விஷயத்தில் இருவரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். ஆகவே மான் உண்மை.

டெல்மர் எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்ட நிர்வாகத்தின், சாலைத் துறையில் இருந்தார். குளிர்காலத்தில் பனி தள்ளும் வண்டி ஓட்டுவார். கோடையில் சாலையோரப் புல் வெட்டுவார். எல்லாக் காலத்திலும், வண்டிகளில் அடிபட்டுச் செத்த மான்களைப் பள்ளத்திலிருந்து இழுத்து லாரியில் ஏற்றுவார். பேச்சு குறைவு. ஆர்டிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தார். அவருக்கும் பேச்சு குறைவு. கல்யாணமான நாளிலிருந்து அவர் வாய்விட்டு எதையும் கேட்டதில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் ஆர்டிஸ் சொன்னார்: "மேற்கே பேட்லேண்ட்ஸ்ல மண்ணு மடிப்பு மடிப்பா, நிறம் நிறமா இருக்காமே. ஒரு பெரிய பைக்ல உன் பின்னாடி உட்கார்ந்து ஒரு தடவை போய்ப் பார்த்தா நல்லாயிருக்கும்."

டெல்மர் ரொட்டியில் வெண்ணெய் தடவி முடித்தார். சாப்பிட்டு முடித்தார். தட்டைக் கழுவித் துடைத்து அடுக்கினார். பிறகு "ம்" என்றார். அதற்குள் ஆர்டிஸ் படுக்கப் போய்விட்டார். ஆனால் அந்த "ம்" சொன்ன நொடியிலிருந்து டெல்மரின் மனதில் வேறு எதுவும் இல்லை. பனி தள்ளும்போதும், மான் இழுக்கும்போதும், முதுகில் ஆர்டிஸ் சாய்ந்திருப்பதாகவே நினைத்துக்கொண்டார். அவளைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போக வேண்டும். முழுசாகக் கூட்டிப்போய் முழுசாகக் கூட்டிவர வேண்டும். இவ்வளவுதான் அவர் ஆசை.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒருவர் வீட்டில் காபி வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மறுபடி கேட்பார்கள். மறுபடியும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது முறை கேட்கும்போது, "சரி, அப்படின்னா அரை கப் மட்டும்" என்று சொல்ல வேண்டும். முதல் தடவையே சரி என்பவன் பேராசைக்காரன். மூன்றாவது தடவையும் வேண்டாம் என்பவன் எதிரி. கேட்கிறவர்கள் முதல் இரண்டு மறுப்பையும் காதில் வாங்குவதே இல்லை; அது மரியாதை, பதில் அல்ல. எங்கள் தேவாலயச் சபையில் ஒருவர் ஒரு முறை மூன்றாவது தடவையும் மறுத்துவிட்டார். அவர் பெயரை இன்றுவரை யாரும் பிள்ளைகளுக்கு வைப்பதில்லை.

நெடுஞ்சாலை ஓரத்தில் ப்ரூவிக் மோட்டார் இல்லம் இருந்தது. அதன் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் கரும்பச்சை நிறத்தில் ஒரு 'பைசன்' பைக் நின்றது. அகலமான டேங்க், தாழ்ந்த இருக்கை, பின்னால் சாய்மானத்தோடு இன்னொரு இருக்கை. அந்தப் பின்னிருக்கையை டெல்மர் கையால் ஒரு முறை அழுத்திப் பார்த்தார். முன்னிருக்கையை அவர் பார்க்கவே இல்லை.

"நல்ல வண்டி," என்றார் கடைக்காரர் கர்ட் ப்ரூவிக்.

"மோசமில்லை," என்றார் டெல்மர். எங்கள் பக்கத்தில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

"விலைச் சீட்டைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். பணம் இருக்கு."

"அது வெறும் விலைங்க. முழுச் செலவுங்கறது வேற."

விஷயம் இதுதான். முன்பெல்லாம் இந்த மாதிரி வண்டியை வாங்கிப் போகிறவர்கள் ஆறு மாதம் கழித்து வந்து, உண்மையில் இது எவ்வளவு செலவு வைக்கும் என்று யாரும் சொல்லவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். காப்பீடு, டயர், தோல் சட்டை, ஆஸ்பத்திரி, எலும்பு வைத்தியர், இப்படி. அதனால் முழுச் செலவுப் புரிதல் வாரியம் என்று ஒன்று ஏற்பட்டது. முழுச் செலவைப் புரிந்துகொள்ளாத ஒருவருக்கும் சாவி தரக் கூடாது என்று வாரியம் உத்தரவு போட்டது. முதலில் ஒரு கையேடு கொடுத்தார்கள், யாரும் படிக்கவில்லை. பிறகு ஒரு படம் போட்டார்கள், எல்லோரும் தூங்கினார்கள். படித்தும் பார்த்தும் புரியாதது உடம்புக்குப் புரியும் என்று ஒரு நிபுணர் குழு கண்டுபிடித்தது. ஒவ்வொரு பெரிய கடைக்கும் ஓர் அறையும் ஓர் அதிகாரியும் வந்து சேர்ந்தார்கள்.

ப்ரூவிக் கடைக்கு வந்த அதிகாரி வெண்டல் ஓஸ்ட்பி. சபைப் பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நின்று அடித்தொண்டையில் பாடுபவர். ஞாயிறுதோறும் பாட்டு முடிந்ததும் க்வாம் தம்பதிக்கு முன்வரிசையில் வந்து உட்காருவார். அன்று கலைமான் படம் போட்ட கம்பளிச் சட்டை போட்டிருந்தார்.

"வாங்க டெல்மர், வாங்க ஆர்டிஸ். ஜோடியா வந்திருக்கீங்க. ரொம்ப நல்லது, ரொம்ப நல்லது."

அறை சுத்தமாக இருந்தது. மரப்பலகைச் சுவர், ஒரு காபிக் குடுவை, ஒரு தட்டில் ருபார்ப் கேக். தரை சிமென்ட், நடுவில் தண்ணீர் போக ஒரு துளை. வண்டிக் கடையில் எதற்குத் துளை என்று டெல்மர் யோசித்தார். கேட்பது நாகரிகமில்லை என்று விட்டுவிட்டார். மூலையில் ஆர்டிஸின் அண்ணன் மகன் மெர்ல் நின்றிருந்தான். ஒரு காலத்தில் ஹாக்கி ஆடியவன். முன்பல் இரண்டும் இல்லை.

"ஹாய் அத்தை. ஹாய் மாமா."

"நீ இங்கயாடா வேலை பார்க்கறே?" என்றார் ஆர்டிஸ்.

"ஆமா அத்தை. பல்லுக்கும் சேர்த்துக் காப்பீடு தர்றாங்க."

ஆர்டிஸ் கைப்பையை மடியில் வைத்து நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு முறை மறுத்துவிட்டு ஒரு கேக் துண்டு எடுத்துக்கொண்டார். வெண்டல் தொண்டையைச் செருமினார்.

"முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன் டெல்மர். இங்க யாரும் யாரையும் அடிக்கறதில்ல. அடிக்கறதுங்கறது கோபத்துல செய்யறது. எங்களுக்குக் கோபமே கிடையாது. வருஷாந்திர இலக்குதான் இருக்கு. இந்த வண்டியை வாங்கற ஒரு சராசரி மனுஷனுக்கு வாழ்நாள்ல என்னென்ன ஆகும்னு வாரியம் கணக்கெடுத்திருக்கு. அதுல உங்க பங்கை முன்கூட்டியே குடுத்துட்டீங்கன்னா நிம்மதியா ஓட்டலாம். மறைமுகச் செலவு எதுவும் கிடையாது. எல்லாம் வெளிப்படை."

டெல்மர் தலையசைத்தார். வெளிப்படையாக இருப்பது நல்ல விஷயம் என்றுதான் அவருக்குப் பட்டது.

"முதல்ல சாலைச் சரளை. முகத்துல கொஞ்சம் வாங்கிக்கிறீங்களா?"

"வேண்டாங்க, பரவாயில்லை."

"அட, வாங்கிக்கோங்க."

"இல்லை, உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"ஒரு சிரமமும் இல்லை. மெர்ல் எல்லாம் தயாரா வெச்சிருக்கான். எடுத்துக்கோங்க."

மூன்றாவது முறை. டெல்மரின் வாய் தானாகவே திறந்தது. "சரி, அப்படின்னா கொஞ்சமா."

பேஸ்பால் பயிற்சிக்குப் பந்து எறியும் இயந்திரம் ஒன்றை மெர்ல் இழுத்து வந்தான். அதன் குழாயில் ஒரு வாளி சரளையைக் கொட்டினான். "கண்ணை மூடிக்கோங்க மாமா," என்றான். டெல்மர் மூடிக்கொண்டார். திறந்தபோது புருவத்திலிருந்து ரத்தம் வழிந்தது. உதடு இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. நாக்கில் ஒரு கல் இருந்தது. தரையில் துப்பக் கூடாது என்பதால் அதைக் கையில் வைத்துக்கொண்டார்.

"எப்படி இருந்தது?" என்றார் வெண்டல் அக்கறையாக.

"வித்தியாசமா இருந்தது," என்றார் டெல்மர்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்ச மாதிரிதான் இருக்கு."

பக்கத்து அறையில் யாரோ அலறினார்கள். உடனே அதே குரல், "மன்னிக்கணும், கொஞ்சம் சத்தமாக் கத்திட்டேன்," என்றது. வேறு இரண்டு மூன்று குரல்கள், பரவாயில்லை, அதெல்லாம் ஒன்றுமில்லை என்றன. அது குழு வகுப்பு என்று வெண்டல் விளக்கினார். நண்பர்களாகச் சேர்ந்து வாங்குகிறவர்களுக்குச் சலுகை உண்டாம்.

அடுத்தது சைலன்சர் சூடு. இந்த வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் வலது கெண்டைக்காலில் ஒரு தழும்பு இருக்கும். கோடையில் அரைக்கால் சட்டையோடு ஏறும்போது வருவது. அதற்காகக் கோடை வரை காத்திருப்பானேன் என்று வாரியம் நினைத்திருந்தது. ஒரு வண்டியை அறைக்குள் உருட்டி வந்து, சைலன்சர் நிறம் மாறும்வரை மெர்ல் ஆக்சிலரேட்டரை முறுக்கினான். டெல்மர் இரண்டு முறை மறுத்தார். பிறகு கால் சட்டையைத் தானே மடித்துவிட்டுக்கொண்டார், மெர்லுக்கு வேலை வைக்க வேண்டாமே என்று. கருகிய நாற்றம் வந்தது. ஆர்டிஸ் ஜன்னல் எங்கே என்று பார்த்தார். ஜன்னல் இல்லை.

பிறகு சாய்ப்பு. "இவ்வளவு எடையுள்ள வண்டியை எல்லாரும் ஒரு தடவை கீழே போடுவாங்க," என்றார் வெண்டல். "பெரும்பாலும் சபை வாசல்ல, எல்லாரும் பார்க்கறப்போ. அந்த அவமானம் உங்களுக்கு வேண்டாம்னு இங்கயே போட்டுடறோம்." மெர்ல் வண்டியை மெதுவாக டெல்மரின் வலது பாதத்தின் மேல் சாய்த்தான். மெதுவாகத்தான் சாய்த்தான், எடை தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. பாதத்துக்குள் ஏதோ காய்ந்த குச்சி மாதிரி ஒடிந்தது. டெல்மர் முதலில் வண்டியிடம் "மன்னிக்கணும்" என்றார். டேங்கில் கீறல் விழுந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தார். பிறகுதான் விழுந்தார்.

 ஆர்டிஸ் பாதி தின்ற கேக்கைத் தட்டில் திருப்பி வைத்தார். அவர் எதையும் பாதியில் வைத்து டெல்மர் பார்த்ததில்லை.

தரையில் படுத்தபடி டெல்மர் யோசித்தார். எழுந்து போய்விடலாமா? ஒரு வார்த்தை போதும். ஆனால் போய்விட்டால் முகம், கால், பாதம் எல்லாம் வீண். அவர் நினைப்பது வெண்டலுக்குத் தெரிந்திருக்க வேண்டும், பழக்கமாகியிருக்கும்.

"இப்ப எழுந்து போறதுன்னா தாராளமாப் போகலாம் டெல்மர். கட்டாயம் எதுவும் இல்லை. ஆனா இதுவரைக்கும் கட்டினது திரும்ப வராது. நிறைய பேர் மான் வரைக்கும் வந்துட்டுப் பயந்து போயிடறாங்க. அவங்களை நினைச்சா எனக்கு ராத்திரி தூக்கம் வர்றதில்ல. வண்டியும் இல்லாம, காலும் இல்லாம."

"மானா?" என்றார் டெல்மர்.

மெர்ல் சுவரோரம் இருந்த பெரிய இரும்புக் கதவைத் திறந்தான். புகையாகக் குளிர் வந்தது. கூரையில் ஓடிய தண்டவாளத்தில், சங்கிலியில் தொங்கிக்கொண்டு, கல்லாக உறைந்த ஒரு முழு ஆண் மான் வெளியே வந்தது. டெல்மர் அதைப் பார்த்தார். இடது கொம்பு அடியோடு போயிருந்தது. தோளில் ஒரு கார் விளக்குக் கண்ணாடித் துண்டு இன்னும் குத்தியிருந்தது.

"இது நீல்சன் பண்ணை வளைவுல கிடந்தது," என்றார். "நான்தான் நவம்பர்ல எடுத்துப் போட்டேன்."

"அப்படியா," என்று வெண்டல் மகிழ்ந்தார். "கவுண்டிகிட்டேர்ந்துதான் வாங்கறோம். எல்லாம் உள்ளூர் மான். வெளி மாநிலத்துலேர்ந்து கொண்டு வர்றதில்லங்கறது எங்க கொள்கை. டெல்மர், இந்தப் பக்கத்துல பைக் வெச்சிருக்கவங்க என்னிக்காவது ஒரு நாள் மான்ல மோதுவாங்க. மோதலாம்னு சொல்லி உங்களை ஏமாத்த நான் விரும்பல. ஒரு மான் எடுத்துக்கறீங்களா?"

"வேண்டாங்க. இதுவரைக்கும் ஆனதே நிறைய."

"ஒண்ணே ஒண்ணு."

"நிஜமாவே போதுங்க."

"உங்களுக்குன்னே எடுத்து வெச்சது, டெல்மர்."

டெல்மர் ஆர்டிஸைப் பார்த்தார். ஆர்டிஸ் டெல்மரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று டெல்மர் பிறகு பல மாதம் யோசித்திருக்கிறார். அப்போது அவருக்குத் தெரிந்தது பின்னிருக்கையும் அதன் சாய்மானமும்தான். "சரி, அப்படின்னா சின்ன மானா," என்றார். சின்ன மான் கைவசம் இல்லை.

"மூச்சை இழுத்துப் பிடிங்க மாமா."

மெர்ல் மானைச் சுவர்வரை பின்னால் இழுத்து விட்டான். தண்டவாளம் கிறீச்சிட்டது. மானின் தலை டெல்மரின் நெஞ்சில் இறங்கியது. அவர் காற்றில் போனார் என்று ஆர்டிஸ் சொல்கிறார். சறுக்கிப் போனதாகத்தான் டெல்மர் சொல்கிறார். சுவரில் மோதி, பலகை ஒன்றைப் பிளந்து, காபி மேசையோடு விழுந்தார். மான் திரும்பி வந்தது. எழ முயன்றுகொண்டிருந்தவரின் தோளில் கால் குளம்பு பட்டு மறுபடி கவிழ்த்தது. மெர்ல் ஓடிவந்து சங்கிலியைப் பிடித்தான்.

"இரண்டாவது இலவசம்," என்றார் வெண்டல்.

டெல்மர் மூச்சுவிட்டபோது நெஞ்சுக்குள் ஏதோ உரசியது. வாயில் ரத்தமும் காபியும் சேர்ந்த சுவை. உடைந்த பலகைக்கு என்ன ஆகும் என்று கேட்டார். வாரியம் பார்த்துக்கொள்ளும் என்று வெண்டல் சொன்னார். அவர் குரல் தழுதழுத்தது.

"பாருங்க டெல்மர், இந்த வேலைக்கு வந்தப்போ என்னைக் கொடூரக்காரன்னு பேசினாங்க. போன வருஷம் இந்தக் கவுண்டியில பைக் விபத்து எத்தனைன்னு நினைக்கிறீங்க? கிட்டத்தட்ட இல்லை. ஏன்? சாவி வாங்கினவங்க யாருக்கும் ஓட்டற நிலைமை இல்லை. சாலை இவ்வளவு பாதுகாப்பா எப்பவுமே இருந்ததில்ல. புகார்? ஒண்ணுகூட வரல. புகாரை வாயாலதான் சொல்லணும்னு விதி வெச்சோம். தாடையை அஞ்சாவது இனமாச் சேர்த்தோம். உங்களுக்கு மட்டும் தாடையை விட்டுட்டேன். ஒரே சபைக்காரங்க இல்லையா."

"ரொம்ப நன்றி," என்றார் டெல்மர். உண்மையாகவே சொன்னார்.

"அப்ப உங்க பங்கு முடிஞ்சுது." வெண்டல் நாற்காலியைத் திருப்பினார். "இனி பின்னால உட்கார்றவங்க பங்கு."

 மான் உருகிச் சொட்டத் தொடங்கியிருந்தது.

"பின்னால உட்கார்றவங்களுக்குச் செலவு கம்மிதான்," என்றார் வெண்டல். "ஒரு தோள்பட்டை எலும்பு, அவ்வளவுதான். பெண்கள்னா பேஸ்பால் மட்டையில துண்டு சுத்திக்கறோம். மெர்ல், சுத்தமான துண்டை எடு." பிறகு டெல்மரிடமே கேட்டார். வாரிய விதிப்படி வாங்குகிறவரிடம்தான் கேட்க வேண்டும். "ஆர்டிஸுக்கு ஒண்ணு குடுக்கலாமா?"

"வேண்டாங்க," என்றார் டெல்மர்.

"குடுத்துடலாம் டெல்மர்."

"வேண்டாங்க. அவளுக்கு எதுவும் வேண்டாம்."

இரண்டு முடிந்தது. டெல்மருக்கு அது தெரிந்தது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு 'வேண்டாம்'. அதைச் சொன்னால் எல்லாம் நின்றுவிடும். மட்டை மூலைக்குப் போகும். ஆர்டிஸ் முழுசாக வீட்டுக்கு வருவார். டெல்மரின் அப்பா அந்த மூன்றாவதைச் சொன்னதில்லை. தாத்தா சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை தன் முன்வரிசையில் இருக்கும் வெண்டலின் பிடரியைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும் என்பதையும், சபை முடிந்து காபி நேரத்தில் எல்லோரும் எப்படி விலகி நிற்பார்கள் என்பதையும் நினைத்தார். அதெல்லாம் ஒன்றுமே இல்லை என்றும் அவருக்குத் தெரிந்தது. தெரிந்தும், முறிந்த பாதத்தைவிட அது கனத்தது. தன் வாயைத் தானே பிடித்துக்கொள்வதுபோல உதடுகளை அழுத்திக்கொண்டார். உதட்டுக் கிழிசல் திறந்து ரத்தம் மோவாய் வரை வந்தது.

"ஒரே ஒரு தடவைதான்," என்றார் வெண்டல் அன்பாக. "எடுத்துக்கட்டுமே."

"சரி," என்றது டெல்மரின் வாய். "அப்படின்னா சின்னதா."

சொன்னதை அவரே கேட்டார். அந்தச் சத்தம் அறையின் வேறு மூலையிலிருந்து வந்ததுபோல இருந்தது. ஆர்டிஸைப் பார்க்க முடியவில்லை. தரைத் துளையைப் பார்த்தார். மானிலிருந்து ஒழுகிய தண்ணீர் அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

மெர்ல் துண்டு சுற்றிய மட்டையோடு வந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. "அத்தை, பல்லைக் கடிச்சுக்கோங்க," என்றான்.

ஆர்டிஸ் கைப்பையை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். எழுந்தார். பாவாடையில் ஒட்டியிருந்த கேக் துகளைத் தட்டிவிட்டார்.

"அதை இப்படிக் குடு," என்றார்.

சிறுவயதில் அவனுக்கு மூக்குச் சிந்திவிட்டவர் அவர். மெர்ல் கொடுத்துவிட்டான். ஆர்டிஸ் துண்டை அவிழ்த்து, நான்காக மடித்து, நாற்காலியின் முதுகில் போட்டார். மட்டையைக் கையில் எடை பார்த்தார். பள்ளிக்கூடத்தில் பெரிய சமையல் பானையைத் தனியாகத் தூக்குகிற கை.

"வெண்டல்," என்றார், "முழுச் செலவுன்னீங்களே. விக்கறவங்க பங்கு எங்க?"

"ஆர்டிஸ், அப்படி ஒரு இனம் இல்லையே."

"அப்ப முழுசு இல்லையே. நீங்க ஒண்ணு எடுத்துக்கறீங்களா?"

"ஐயையோ, வேண்டாங்க," என்றார் வெண்டல்.

"எடுத்துக்கோங்க."

"உங்களுக்கு எதுக்கு ஆர்டிஸ் சிரமம்." வெண்டல் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். அவர் நெற்றி வேர்த்தது. ஓர் ஆயுள் முழுக்க மற்றவர்களிடம் மூன்று முறை கேட்டே பிழைத்தவர். இப்போது எண்ணிக்கை எங்கே நிற்கிறது என்பது இந்த அறையில் அவரைவிட வேறு யாருக்கும் நன்றாகத் தெரியாது.

"சிரமமே இல்லை," என்றார் ஆர்டிஸ். "உங்களுக்காகவே எழுந்து வந்திருக்கேன்."

வெண்டல் கதவைப் பார்த்தார். டெல்மரைப் பார்த்தார். அவர் தொண்டை மேலும் கீழும் ஏறி இறங்கியது. ஒரு சொல் அங்கே வந்து நிற்பதையும், வெளியே வர முடியாமல் திரும்பிப் போவதையும் டெல்மர் கண்ணால் கண்டார். அது எந்தச் சொல் என்று அவருக்குத் தெரியும். அதே இடத்தில்தான் அவருக்கும் நின்றது.

"சரி," என்றார் வெண்டல் மெல்லிய குரலில். "அப்படின்னா சின்னதா."

ஆர்டிஸுக்குச் சின்னதாகப் பரிமாறிப் பழக்கமில்லை. முதல் அடி தாடையில் விழுந்தது. வெண்டல் நாற்காலியோடு சாய்ந்தார். இரண்டாவது தோள்பட்டையில். மூன்றாவது எங்கே என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. கலைமான் சட்டை கிழிந்தது. சத்தம் கேட்டுக் கர்ட் ப்ரூவிக் கதவைத் திறந்தார். ஆர்டிஸ் அவரிடமும் கேட்டார். அவரும் இரண்டு முறை மறுத்தார். மூன்றாவது முறை முழங்காலைப் பிடித்துக்கொண்டு உருண்டார். மெர்ல், தன்னிடம் கேட்பதற்கு முன்பே, மானுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். ஆர்டிஸ் மானை ஒரு தள்ளுத் தள்ளினார். அது போய் வெண்டலின் சரளை இயந்திரத்தை உடைத்து, சங்கிலி அறுந்து, வெண்டலின் மேல் பாதியும் தரையில் பாதியுமாக விழுந்தது.

பக்கத்து அறையிலிருந்து யாரோ, கொஞ்சம் சத்தத்தைக் குறைக்க முடியுமா, சிரமத்துக்கு மன்னிக்கணும் என்று கேட்டார்கள்.

ஆர்டிஸ் மூச்சு வாங்கினார். பிறகு மட்டையோடு டெல்மரிடம் வந்து நின்றார். டெல்மர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.   

"என்னை எடுத்துக்கச் சொல்லிட்டே," என்றார் ஆர்டிஸ்.

"ஆமா."

"சின்னதான்னு சொன்னே."

"ஆமா."

"உனக்கு வேணுமா டெல்?"

டெல்மர் மரியாதைக்குக்கூட மறுக்கவில்லை. "வேணும்," என்றார், கேட்ட முதல் தடவையிலேயே. இடது கையை எடுத்துக் கவிழ்ந்து கிடந்த மேசையின் விளிம்பில் விரித்து வைத்தார்.

ஆர்டிஸ் அடித்தார். ஒரு தடவைதான். பிறகு மட்டையைப் போட்டுவிட்டு, நாற்காலியில் இருந்த சுத்தமான துண்டை எடுத்து, அந்தக் கையைச் சுற்றிக் கட்டினார். கட்டும்போது இருவரும் அழுதார்கள் என்று மெர்ல் சொல்கிறான். அவன் விழுந்த மானுக்குப் பின்னால் பதுங்கியிருந்ததால் அதை எவ்வளவு நம்பலாம் என்று தெரியவில்லை.

கடை விதிப்படி, முழுச் செலவும் முடிந்ததற்கு அடையாளமாக வெளியே மணி அடிக்கப்பட்டது. கூடத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். சாவியை ஆர்டிஸ் வாங்கிக்கொண்டார்.

வெண்டல் ஓஸ்ட்பியின் தாடையைக் கம்பி வைத்துத் தைத்தார்கள். விற்பவர் பங்கு என்ற புதிய இனத்தைக் கண்டறிந்ததற்காக வாரியம் அவரை மண்டல இயக்குநராக்கியது. அந்தப் பங்கையும் இப்போது வாங்குகிறவர்களிடமே வசூலிக்கிறார்கள். பாடகர் குழுவில் அவர் இடம் காலியாக இருக்கிறது. கர்ட் ப்ரூவிக் கைத்தடி வைத்திருக்கிறார், வியாபாரம் குறையவில்லை. மெர்ல் வேலையை விட்டுவிட்டுக் கவுண்டியில் சேர்ந்தான், மான் எடுக்கிறான். டெல்மரின் பாதமும் விலாவும் சேர்ந்துவிட்டன. இடது கை மட்டும் முழுதாக மூடுவதில்லை, கிளட்ச் பிடிக்க முடியாது. ஆர்டிஸ் அந்தக் கோடையில் ஓட்டக் கற்று உரிமம் எடுத்தார். போன வருடம் அவர்கள் பேட்லேண்ட்ஸ் போய்த் திரும்பினார்கள். ஆர்டிஸ் ஓட்டினார், டெல்மர் பின்னால் உட்கார்ந்தார். வழியில் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.